வீட்டைச் சீரமைப்போம்: வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உப்புக் காற்று, பக்கச் சுவர்கள் ஒட்டிய நீளமான மனைகள், மழைநீர் தேங்கும் தாழ்ந்த நிலம் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும் பகுதி இது. வேறு ஊர் வீடுகளின் படங்களைப் பார்த்து இங்கே அப்படியே செய்யும் வேலைகள் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் அழகைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் ஈரத்தையும் உப்பையும் காற்றையும் பற்றியே முதலில் பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீடு தாத்தா காலத்துக் கட்டடம். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. கூடத்துச் சுவர்களில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தும் நிற்கவில்லை. நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம், கூரையையும் இடித்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?
*வாசகி, ராயபுரம்*

இரண்டுக்கும் இப்போது சம்மதம் சொல்லிவிடாதீர்கள். முதலில் சுவரைப் பார்ப்போம். அந்தக் காலத்து வீடுகளில் கடைக்காலுக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருப்பதில்லை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப் போல, செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் நிலத்து ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த ஈரத்தோடு மண்ணிலுள்ள உப்பும் ஏறுகிறது. நீர் சுவரின் மேற்பரப்பில் ஆவியாகிப் போய்விட, தங்கிவிட்ட உப்பு பூச்சுக்குள் படிகமாகி விரிந்து, பட்டியையும் பெயின்டையும் வெளியே தள்ளுகிறது. டைல்ஸ் ஒட்டினால் ஈரம் வெளியேறும் வழிதான் அடைபடும், ஈரம் அடங்காது. அது டைல்ஸின் மேல் விளிம்பைத் தாண்டி, இதுவரை நன்றாக இருந்த ஐந்தாவது, ஆறாவது அடியில் வெளிப்படும். சிமென்ட் பூச்சுக்கும் இதே கதிதான்.

வேலையைச் சுவரின் வெளிப்புறத்திலிருந்து தொடங்குங்கள். சாலையை மேல்மேல் போட்டு உயர்த்தியதால் வடசென்னையின் பழைய வீடுகள் பலவற்றில் உள்தரை தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. சுவரை ஒட்டி மண்ணோ சிமென்ட் சரிவோ உயர்ந்திருந்தால் அதை அகற்றி மட்டத்தைக் குறைக்க வேண்டும். கழிவுநீர்க் குழாயில் கசிவு இருக்கிறதா, மழைநீர்க் குழாய் சுவரடியில் கொட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதன்பின் ஓதம் தெரியும் உயரத்துக்கும் ஒன்றரை அடி மேல்வரை பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுத்து, செங்கல் இணைப்புகளை அரை அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி, வெளியே பூக்கும் உப்பைத் தண்ணீர் விடாமல் உலர்ந்த தூரிகையால் தேய்த்துத் தேய்த்து அகற்ற வேண்டும். சில வாரங்கள் சுவர் அப்படியே திறந்து கிடக்கட்டும். மார்ச் முதல் ஜூன் வரையிலான மாதங்களே இதற்கு ஏற்றவை. ஐப்பசி மழை நெருங்கும்போது தொடங்கினால் சுவர் காயவே காயாது.

காய்ந்த சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு கொடுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற அளவில், ஒரே தடவையாக அப்பாமல், மெல்லிய அடுக்குகளாக ஒன்று இறுகிய பின் மற்றொன்றாகப் பூச வேண்டும். சென்னையின் பழைய வீடுகளுக்குப் பளிங்கு மினுமினுப்பைத் தந்தது கிளிஞ்சல் சுண்ணாம்புதான். பழவேற்காட்டு ஏரியின் கிளிஞ்சல்கள் அதற்குப் பயன்பட்டன. பூச்சின் மேல் சுண்ணாம்பு வெள்ளையோ ஈரத்தை வெளியே விடும் கனிம வண்ணமோ போதும். பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம். சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு ஈரத்தடுப்பு மருந்து செலுத்தும் முறையும் இன்று கிடைக்கிறது. சுவர் உள்ளே பொந்தில்லாமல் திடமாக இருந்தால் அது பலன் தரும். ஆனால், ஒன்றரை அடிப் பருமனுள்ள பழைய சுவரின் நடுவில் உடைகல்லும் மண்ணும் நிரப்பியிருந்தால் மருந்து எங்கோ இறங்கிவிடும் என்பதால் ஓரிடத்தில் துளையிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

கூரையை இடிக்கச் சொன்னது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மெட்ராஸ் டெரஸில் செங்கற்களைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் மூலைவாட்டமாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைக் கட்டைகளால் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதித்தார்கள். கலவைக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது வழக்கம். இந்தக் கூரையில் இரும்புக் கம்பி கிடையாது. ஆகவே கடற்காற்றில் துருப்பிடிக்கவும் எதுவும் கிடையாது. அதன் பலவீனமான இடம் உத்தரத்தின் முனைகள். அவை சுவருக்குள் புதைந்திருப்பதால் ஓதத்தில் இற்றுப்போகும், கரையானும் அங்கேதான் முதலில் ஏறும். ஒவ்வொரு முனையையும் தட்டிப் பார்த்து, திருப்புளியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கும் உத்தரங்களை மட்டும், கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாக மாற்றலாம். இடிபடும் வீடுகளிலிருந்து கிடைக்கும் பழைய பர்மா தேக்கு இதற்கு நன்றாகப் பொருந்தும். மாடியில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டிவிடுவதோடு நிறுத்தாமல் வேரோடு எடுத்து அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைத்துவிடுங்கள்.

பதினோரு அடி அகலம், ஐம்பது அடி நீளம் உள்ள மனை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள். நடு அறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. முன்னால் உள்ள திண்ணையை இடித்து மோட்டார் சைக்கிளுக்கு இடம் செய்யவும் நினைக்கிறோம். உள் அலங்காரத்துக்கு யோசனை சொல்லுங்கள்.
*வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை*

உங்கள் வீட்டுக்கு அலங்காரத்தைவிட முதலில் தேவைப்படுவது ஒரு முற்றம். நான்கடிக்கு ஐந்தடி இடம் கிடைத்தாலே போதும், நடு அறையின் தன்மையே மாறிவிடும். அந்த இடத்துக்கு மேலே கூரையைத் திறந்து, சுற்றிலும் ஒன்றரை அடி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, அதன்மேல் உடைந்தாலும் சிதறாத அடுக்குக் கண்ணாடியையோ நல்ல பாலிகார்பனேட் தகட்டையோ வடக்கு நோக்கிய சரிவில் பொருத்தலாம். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் சாய்சட்டங்களும் பறவை வலையும் வைத்து இடைவெளி விடுவதுதான் இதில் முக்கியமானது. வீட்டுக்குள் சூடான காற்று மேலெழுந்து அந்த வழியாக வெளியேறும்போது வாசலிலிருந்து புதிய காற்று உள்ளே இழுபடும். இடைவெளியே விடாமல் கண்ணாடியால் மூடிவிட்டால் வெளிச்சம் வரும். சித்திரை மாதத்தில் அதன் கீழே நிற்க முடியாது.

கூரை கான்கிரீட்டாக இருந்தால் எந்த இடத்தில் வெட்டலாம் என்பதைக் கட்டுமானப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். உத்திரம் போகும் இடத்திலோ கம்பிகளின் போக்கு தெரியாமலோ கை வைக்கக் கூடாது. முற்றத்தின் தரையை இரண்டு அங்குலம் தாழ்த்தி வடிகால் வையுங்கள். அங்கு விழும் நீரையும் மாடி நீரையும் சேர்த்து மழைநீர்க் குழிக்குக் கொண்டுபோய்விடலாம். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பது ஒருபுறமிருக்க, கடலை ஒட்டிய உங்கள் பகுதியின் மணற்பாங்கான நிலம் நீரை எளிதாக உள்வாங்கும். வீட்டில் கிணறு இருந்தால் அதை மூடிவிடாமல், வடிகட்டிய மழைநீரை அதற்குள் விடுங்கள், உவர்ப்பும் குறையும்.

சென்னையில் கோடைப் பகலில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலுக்குப் பின்னர்தான் கிழக்கிலிருந்து புறப்படுகிறது. அது உள்ளே வந்து மறுபுறம் வெளியேற, முன்வாசல், நடுக்கதவு, பின்கதவு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். பழைய வீடுகளை அப்படித்தான் கட்டினார்கள். கதவுகளுக்கு மேல் இருந்த வென்டிலேட்டர்களை ஏசி வைத்தபோது அட்டை வைத்து அடைத்திருப்பீர்கள், அவற்றைத் திறந்துவிடுங்கள். அறைகளுக்கு நடுவே முழுச் சுவர் எழுப்பாமல் ஏழடி உயரத்தோடு நிறுத்துங்கள். அலமாரி, பரண், படிக்கும் மேசை எல்லாவற்றையும் ஒரே பக்கச் சுவரில் வரிசையாக அமைத்துவிட்டால் மறுபக்கம் நடப்பதற்குத் தடையில்லாத பாதை கிடைக்கும். பொதுச்சுவரில் ஒயர் குழாய்க்காக ஆழமான காடி வெட்டக் கூடாது. அது அடுத்த வீட்டாருக்கும் சொந்தமான சுவராக இருக்கக்கூடும் என்பதால், பத்திரத்தைப் பார்த்துவிட்டு அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே தொடுங்கள்.

தரைக்குப் பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸைவிடச் சிவப்பு ஆக்சைடு தரையையோ ஆத்தங்குடிக் கல்லையோ பரிந்துரைப்பேன். காரைக்குடிப் பக்கத்துக் கைவினைஞர்கள் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் இட்டு, சூளையில் சுடாமலே உருவாக்கும் கல் அது. காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், நடக்க நடக்க மெருகேறும். ஆனால் அமிலம் கலந்த தரைத் துப்புரவுத் திரவத்தை அதன்மேல் ஊற்றினால் நிறம் போய்விடும்.

திண்ணையை முழுவதும் இடிக்க வேண்டாம். பாதியை வண்டிக்கு விட்டு மீதியை வைத்துக்கொண்டாலும் போதும். மாலையில் வீட்டுப் பெரியவர்கள் காற்று வாங்கவும், வந்தவர் உட்கார்ந்து பேசவும், பிள்ளைகள் பாடம் எழுதவும் உங்கள் வீட்டில் இருக்கும் ஒரே வெளியிடம் அது. பதினோரு அடி அகல வீட்டில் அப்படி ஓர் இடத்தை மறுபடி உண்டாக்க முடியாது.

மாடுலர் கிச்சனுக்கு எந்தப் பலகை நல்லது? சமையல் செய்பவர் என் அம்மா. அவர் உயரம் குறைவானவர்.
*வாசகி, பெரம்பூர்*

தண்ணீர் படாத மேல் அலமாரிகளுக்கு ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள பிளைவுட் போதும். கீழ் அலமாரிகளுக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள, கொதிநீருக்கும் தாங்கும் பலகையைக் கேட்டு வாங்குங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் விலை குறைவு என்றாலும் ஒருமுறை நனைந்தால் ஊதிவிடும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மட்டும் எந்தப் பலகையும் வேண்டாம். அங்கே கடப்பா கல்லை நிறுத்தித் தடுப்பாக வைத்து, முன்கதவை மட்டும் அலுமினியச் சட்டத்தில் போட்டுக்கொள்ளுங்கள், கரையானுக்கு வழியே இருக்காது. மேடையின் உயரத்தைக் கடைக்காரரின் அளவுப்படி விட்டுவிடாதீர்கள். அம்மா நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கும்போது அது இருக்கும் உயரத்திலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் குறைத்து மேடையை அமைத்தால் தோளும் முதுகும் வலிக்காது.

எங்கள் அடுக்குமாடியில் முதல் மாடி வீடு. படுக்கையறைக் கூரையில் கான்கிரீட் பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிகின்றன. அதை மறைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டு, உள்ளே விளக்குகள் வைத்தால் அழகாக இருக்கும் என்கிறார்கள். எவ்வளவு செலவாகும்?
*வாசகர், திருவொற்றியூர்*

செலவுக் கணக்கு பிறகு. ஃபால்ஸ் சீலிங் போடவே கூடாது. அந்த அறையில் உறங்குவதையும் கூரை சரியாகும்வரை நிறுத்திவையுங்கள்.

கடற்காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல ஊடுருவிக் கம்பியை எட்டுகிறது. கம்பிக்குக் கீழே கான்கிரீட் மறைப்பு மெல்லியதாக இருந்தால் சீக்கிரமே எட்டிவிடும். இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சாதாரணச் சூழலுக்கே 20 மில்லிமீட்டர் மறைப்பு கேட்கிறது, உப்புக் காற்று படும் இடங்களுக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறது. நம் பகுதியின் பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் இந்த அளவைப் பார்க்க முடிவதில்லை. துரு, தான் உருவான இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக இடம் பிடிக்கும் என்பதால் உள்ளிருந்து நெருக்கிக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. இதை மறைத்துவிட்டால் விரிசல் வளர்வது உங்கள் கண்ணுக்குத் தெரியாது, பெயர்ந்த துண்டு விழும்போது சீலிங்கும் சேர்ந்து விழும்.

கட்டுமானப் பொறியாளரை அழைத்து, கூரை முழுவதையும் தட்டிப் பார்த்து வெற்றொலி கேட்கும் இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு கீழிருந்து முட்டுக் கொடுத்துவிட்டு, அந்த இடங்களில் கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்குக் கான்கிரீட்டைக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் முன்பக்கத் துருவை மட்டும் துடைத்துவிட்டு மேலே கலவையை அப்புவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அப்படிச் செய்தால் அதே இடம் மறுபடி பெயரும். துருவைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று நீக்கி, துத்தநாகம் கலந்த பூச்சைக் கொடுத்து, ஒட்டுப்பசை தடவி, அது காய்வதற்குள் பாலிமர் கலந்த பழுதுபார்ப்புக் கலவையை அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்துபோன இடங்களில் எவ்வளவு புதுக் கம்பி சேர்க்க வேண்டும் என்பது பொறியாளரின் கணக்கு. பூசிய இடத்தை நீராற்றுவதில், அதாவது காயவிடாமல் நனைத்து ஈரமாக வைத்திருப்பதில், அலட்சியம் கூடாது. உங்கள் கூரை மேல்வீட்டுக்குத் தரை என்பதால் அவர்கள் குளியலறையில் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே இந்த வேலையில் இறங்குங்கள். பால்கனிக் கைப்பிடியையும் மாற்ற நினைத்தால், கடலோரத்தில் பழுப்புக் கறை ஏறிவிடும் 304 ரக எவர்சில்வரைத் தவிர்த்து 316 ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

2015 மழையிலும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. வீட்டை ஜாக்கி வைத்து உயர்த்தலாமா, அல்லது உள்ளே மண் நிரப்பித் தரையை உயர்த்தலாமா?
*வாசகி, வியாசர்பாடி*

கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்ஹாம் கால்வாயும் நிரம்பினால் உங்கள் தெருக்களின் நீர் வடிய இடமில்லாமல் போகிறது என்பதை நன்றாக அறிவேன். ஜாக்கி வைத்து உயர்த்துவது சென்னையில் பல இடங்களில் வெற்றியாக நடந்திருக்கிறது. சிமென்ட் கலவையில் கட்டிய, விரிசலில்லாத, தனித்து நிற்கும் வீடுகளுக்கே அது ஏற்றது. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருந்தாலோ மண்ணிலும் சுண்ணாம்பிலும் கட்டிய பழைய சுவராக இருந்தாலோ அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். உள்தரையை உயர்த்தலாம், ஆனால் உயர்த்திய பின் தரைக்கும் கூரைக்கும் ஒன்பதடியாவது மிஞ்ச வேண்டும். மின்விசிறியின் இறக்கை தலைக்கு எட்டும் வீடாக ஆக்கிவிடக் கூடாது. நிலைகளையும் சன்னல்களையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டியிருக்கும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீர் வாசல் வழியாக வருவதற்கு முன்பே பல வீடுகளில் கழிவறைக் கோப்பை வழியாக எதிர்த்து ஏறிவிடுகிறது. கழிவுநீர்க் குழாயில், வீட்டுக்கு வெளியே, நீரை வெளியே மட்டும் விட்டு உள்ளே திரும்ப விடாத ஒரு திரும்பாத் தடுப்பு வால்வு பொருத்துவது இதற்குச் செலவு குறைந்த பாதுகாப்பு. ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திறந்து கழுவ வேண்டும். சுவிட்சுகளையும் பிளக்குகளையும் நான்கடிக்கு மேலே ஏற்றி, கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி மின்சுற்று வையுங்கள். கீழ்த்தளத்தில் கட்டில், பீரோ மேடை, சமையல் அலமாரி எல்லாம் செங்கல்லிலும் கடப்பா கல்லிலும் அமைந்தால் வெள்ளம் வடிந்த பின் கழுவித் துடைத்து மறுபடி புழங்கலாம். பத்திரங்களும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் பரணில் இருக்கட்டும்.

மொட்டைமாடியில் ஓரடி உயரத்துக்கு மண் கொட்டிப் புல்வெளி அமைத்து, மேலே தகரக் கொட்டகை போட்டு உட்காரும் இடமாக்க விரும்புகிறோம். கீழ்வீட்டின் வெப்பமும் குறையும் அல்லவா?
*வாசகர், தண்டையார்பேட்டை*

நனைந்த மண் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,600 முதல் 1,800 கிலோ எடை இருக்கும். ஓரடி உயரத்துக்குக் கொட்டினால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 500 கிலோ ஏறும். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்குச் சுமையாக வடிவமைப்பில் எடுத்துக்கொள்வதோ சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். ஆகவே மண் கொட்டும் திட்டத்தை அப்படியே கைவிடுங்கள். தென்னை நார்க்கழிவும் மக்கிய உரமும் கலந்த பைகளில் செடி வளர்த்து, அவற்றைக் கைப்பிடிச் சுவரை ஒட்டியும் கீழே சுவர் தாங்கும் கோடுகளின் மேலும் வையுங்கள். பைகளைத் தரையில் நேராக வைக்காமல் செங்கல்லின் மேல் ஏற்றி வைத்தால் அடியில் ஈரம் தங்காது.

உப்புக் காற்றுக்குக் காகிதப்பூவும் நித்தியகல்யாணியும் சோற்றுக்கற்றாழையும் அசையாமல் நிற்கும். கத்தரியும் தக்காளியும் வேண்டுமென்றால் கிழக்குப் பக்கம் நிழல்வலையைத் தடுப்பாகக் கட்டுங்கள். காற்றுக்குப் பின் இலைகளை நல்ல நீரில் நனைத்துவிடுவதும் உதவும். அரளி நன்றாக வளரும் என்றாலும் அதன் ஒவ்வொரு பாகமும் நஞ்சு என்பதால் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டு மாடியில் வேண்டாம். தரையில் உங்களுக்கு இடமிருந்தால் வாசலில் ஒரு பூவரசையோ புன்னையையோ நடுங்கள். இரண்டும் கடற்கரைக்கே உரிய மரங்கள், மேற்கு வெயிலுக்கு நல்ல நிழல் தருபவை.

வெப்பத்தைக் குறைக்க மாடித் தளத்துக்கு வெள்ளை ஓடு பதிக்கலாம், அல்லது ஆண்டுதோறும் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். தகரக் கொட்டகை வேண்டாம் என்பதே என் கருத்து. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மாடிகளிலிருந்து பறந்த தகடுகளை இப்பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. துத்தநாகம் முலாம் பூசிய குழாய்களால் திறந்த பந்தல் கட்டி, அதன் கால்களைத் தளத்தைத் துளைக்காமல் கைப்பிடிச் சுவர்த் தூண்களில் போல்ட் செய்து, மேலே கோடையில் மட்டும் கீற்றோ நிழல்வலையோ போட்டு, புரட்டாசி முடிவதற்குள் கழற்றி வைத்துவிடுங்கள்.